ஆங்கிலச் சொல்லும் அன்னை மொழியும்

பள்ளிகள் திறக்கும் காலம் நெருங்கியதும் பங்குக் குருவிடம் மக்கள் பேசும் பொருளும் மாறிவிடுகின்றது. கோடையில் திருமணத்தையும் கிணற்று நீரையும் பற்றிப் பேசியவர்கள், ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியே பேசுகின்றனர். அதிலும் ஒரு கவலை சின்னசேலத்திலும் தியாகதுருகத்திலும் சங்கராபுரத்திலும் ஒரே குரலில் ஒலிக்கின்றது: "சாமி, பையன் மத்த பாடமெல்லாம் நல்லாத்தான் படிக்கிறான், இங்கிலீஷ்தான் வரமாட்டேங்குது."

இக்கவலையைத் தீர்க்கப் பெற்றோர் மேற்கொள்ளும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கரும்புப் பணம் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்று காதிலும் கழுத்திலும் இருப்பதை அடகு வைத்து, பிள்ளையை வேனில் ஏற்றித் தொலைவிலுள்ள ஆங்கில வழிப் பள்ளிக்கு அனுப்புவது. மற்றொன்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்குப் பத்துச் சொற்களைப் பொருளோடு பத்து முறை எழுத வைப்பது. முதல் வழி அந்தந்தக் குடும்பத்தின் நிலையைப் பொறுத்தது. அதுபற்றித் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆனால் எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும், ஒரு சொல் பிள்ளையின் உள்ளத்தில் வேர்கொள்ளும் முறை ஒன்றே. அதனை அறியாவிடில் கட்டிய கட்டணமும் வீண். எழுதித் தேய்ந்த பென்சிலும் வீண். ஆங்கிலம் அறியாத தாயும் தந்தையும்கூட இதில் செய்யத்தக்கது நிறைய உண்டு. அதனையே இம்மாதம் நம் குடும்பங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

ஆறும் ஆறும்

பிள்ளைகளின் சொற்பொருள் நோட்டு ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். 'ரிவர்' என்ற சொல்லுக்கு எதிரே 'ஆறு' என்று எழுதியிருக்கும். சில பக்கங்கள் தள்ளி, 'சிக்ஸ்' என்பதற்கு எதிரேயும் 'ஆறு' என்றே இருக்கும். 'ரீட்' என்றால் படி. 'ஸ்டெப்' என்றாலும் படி. 'ஈவ்னிங்' என்றால் மாலை. 'கார்லண்ட்' என்றாலும் மாலை. பிள்ளை இவற்றையெல்லாம் பழுதறக் கற்று, தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுகின்றான். ஆனால், 'ரிவரைக் காட்டு' என்று அவனிடம் கேட்டால், ஆறு விரல்களை நீட்டினாலும் வியப்பதற்கில்லை. அவன் கற்றது ஒரு சொல்லுக்கு எதிரே நிற்கும் மற்றொரு சொல்லை. இரண்டுக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய தண்ணீரை அவன் காணவே இல்லை.

இதே பிள்ளையைக் கச்சிராயபாளையத்தருகே கோமுகி ஆற்றின் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரைக் காட்டி 'வாட்டர்' என்றும், கல்லை எடுத்து 'ஸ்டோன்' என்றும், மீனைக் காட்டி 'ஃபிஷ்' என்றும், இவையெல்லாம் சேர்ந்த ஆற்றைக் காட்டி 'ரிவர்' என்றும் அண்ணனோ அக்காளோ சொல்லட்டும். நான்கு சொற்களும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு உள்ளே செல்லும். பின்னர் ஒன்றை நினைத்தால் மற்ற மூன்றும் தாமே வந்து நிற்கும். தனித்தனியே விடப்பட்ட சொல் மறைந்துபோகும்; உறவோடு வந்த சொல் தங்கும்.

இதனை நம் ஆலயத்திலேயே காணலாம். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா ஆகிய மூன்றும் எபிரேய மொழியிலிருந்து வந்தவை. நம் வீட்டுக் குழந்தைகளுள் எபிரேயம் கற்றவர் எவருமில்லை; பொருளுரை எழுதி மனப்பாடம் செய்தவரும் இல்லை. ஆயினும் எந்த இடத்தில் ஆமென் சொல்லவேண்டும், எந்த நாளில் ஓசன்னா பாடவேண்டும் என்பதை நான்கு வயதுக் குழந்தையும் அறியும். குருத்தோலை கையில் இருக்க, ஊரே சேர்ந்து பாட, அதனைக் கேட்டுக்கேட்டுத் தானும் பாடிப்பாடி அச்சொல்லை அது தன்னுடையதாக்கிக்கொண்டது. முதலில் செவி கேட்டது. பின்னர் நா சொல்லிற்று. பல ஆண்டுகள் கழித்தே கண் அதைப் புத்தகத்தில் படித்தது. கை எழுதியது அதற்கும் பிறகு.

செவி, நா, கண், கை என்னும் இவ்வரிசை ஆங்கிலத்துக்குத் தமிழைக் காட்டிலும் மிகுதியாக வேண்டப்படுகின்றது. தமிழில் எழுத்து பெரும்பாலும் ஒலியைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலத்திலோ எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் நிற்பது உண்டு. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல் 'கே' என்ற எழுத்தில் தொடங்குகின்றது. ஆனால் அந்த எழுத்துக்கு அங்கே குரலே இல்லை. ஒலியைக் கேளாமல் எழுத்தை மட்டும் பார்த்துக் கற்கும் பிள்ளை இதில் இடறாமல் என் செய்யும்? நாமோ முதல் நாளிலேயே கையில் பென்சிலைக் கொடுத்து, கடைசி வாசலின் வழியே வீட்டுக்குள் நுழையச் சொல்கின்றோம்.

எத்தனை சொற்கள் வேண்டும்?

ஆங்கில அகராதியின் பருமனைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், வங்காளத்தில் டாக்கா நகரில் பல ஆண்டுகள் ஆசிரியப் பயிற்சிப் பணி ஆற்றியவர். வங்கப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படும் இன்னலை நேரில் கண்டு, எச்சொற்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன என்பதை ஆராய்வதில் நெடுங்காலம் ஈடுபட்டார். 1953-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களே இருந்தன. எளிய ஆங்கில நூல் ஒன்றில் வரும் சொற்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இத்தகைய ஈராயிரத்துக்குள் அடங்கிவிடும் என்று பின்னர் ஆராய்ந்தோரும் கண்டுள்ளனர்.

ஈராயிரம் என்பது எட்ட முடியாத மலையுச்சி அன்று. வாரத்துக்கு ஐந்து சொற்கள். ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்று கொண்டால் 250 சொற்கள். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு முடிய எட்டாண்டில் 2,000 சொற்கள். நாளொன்றுக்குப் பத்துச் சொற்கள் என்று பிள்ளையைத் துன்புறுத்த வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அந்த ஐந்தும் மெய்யாகவே தங்கிவிட வேண்டும். அங்கேதான் உழைப்பு இருக்கின்றது.

ஏனெனில் மறதி விரைந்து வருவது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றது என்று தம்மையே சோதனைப் பொருளாக்கி ஆராய்ந்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதியின் பெரும்பகுதி கற்ற முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகின்றது என்பதும், ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் படிப்பதே நிலைக்கின்றது என்பதும் அவர் கண்ட உண்மைகள். நாற்றங்காலுக்கு ஒரே நாளில் ஒரு மாதத்துத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு வீட்டுக்குப் போகும் உழவர் எவரேனும் உண்டா? சொல்லும் அப்படியே. பத்து முறை இன்றே எழுதுவதைவிட, இன்று ஒருமுறையும், நாளை ஒருமுறையும், ஞாயிறன்று ஒருமுறையும், அடுத்த மாதம் ஒருமுறையும் சந்திப்பது மேல்.

முன்னோர் சென்ற வழி

பிறமொழிச் சொல்லைத் திரட்டும் கலை நம் திருச்சபைக்குப் புதிதன்று. கடல் கடந்து வந்த குருக்கள் தமிழைக் கற்ற வரலாறு முழுவதும் அக்கலையின் வரலாறே. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்ற ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1679-இல் அம்பழக்காட்டில் புரொயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சேறிற்று. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றினார். நம் புதுவை மண்ணிலோ, துபுயி அடிகளாரும் முசே அடிகளாரும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லுமாக இரு பகுதிகளாக மிஷன் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. பெண்பிள்ளைகளின் கல்விக்காக 1844-இல் ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்தவரும் இதே துபுயி அடிகளாரே என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

அகராதியை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு மக்களிடம் வந்தவர்கள் அல்லர் இவர்கள். மனப்பாடம் செய்வதற்குத் தொடக்கத்தில் அகராதியே இல்லை. கடற்கரையிலும் சந்தையிலும் நோயாளியின் பாயருகிலும் கேட்ட சொல்லைக் கேட்ட இடத்தோடு நினைவில் வைத்து, மறுநாள் தாமும் அதனைச் சொல்லிப் பார்த்து, பின்னரே ஏட்டில் எழுதினர். சொல் முதலில் வாழ்க்கையில் கிடைத்தது. அகராதி பின்னால் வந்தது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் இவ்வரிசையைத் தலைகீழாக்குவது ஏன்?

பள்ளிக் கல்வியிலும் இவ்வுண்மை சோதித்துப் பார்க்கப்பட்டதுண்டு. 1950-களின் இறுதியையொட்டிச் சென்னை மாநிலத்தில் தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறக்குறைய 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி ஒன்று தொடங்கப்பட்டது. சிலர் பயின்று பலருக்குக் கற்பிக்க, அப்பலர் மேலும் பலருக்குக் கற்பிப்பது அதன் அமைப்பு. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து அரிதுக்கு வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அக்காலத்து முறை. பிள்ளைகள் வகுப்பில் அழகாகச் சொல்லினர். வகுப்புக்கு வெளியே அவ்வாக்கியங்கள் அவர்களுக்குத் துணை வரவில்லை என்ற மனக்குறை பின்னர் எழுந்தது. அதற்கு விடை தேடி, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறொரு முறையைச் சோதித்தார். ரயில் கால அட்டவணையையும் ஊர்ப் படத்தையும் பிள்ளைகளிடம் கொடுத்து, இன்ன ஊருக்கு எந்த வண்டியில் சென்றால் முன்னதாகச் சேரலாம் என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்தில் தீர்க்கச் செய்தார். மொழியை எண்ணாமல் பொருளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மொழி உள்ளே இறங்குகின்றது என்பது அவரது துணிபு. உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் இன்றும் இச்சோதனையை எடுத்துப் பேசுகின்றனர். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. ஓர் அட்டவணையே போதியதாயிருந்தது. பேருந்து நிலையத்து அட்டவணையும், உர மூட்டையின்மேல் அச்சிட்டிருப்பதும், மருந்துச் சீட்டும் நம் கையில் இல்லையா?

மலைமேல் மும்மடங்குச் சுமை

சமவெளிப் பிள்ளையின் நிலை இதுவென்றால், கல்வராயன் மலைப் பிள்ளையின் நிலை இதனினும் கடினமானது. கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலையை நோக்கி ஏறும் சாலையில் செல்பவர்கள் அருவிகளைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். அங்குள்ள வகுப்பறைகளைக் காண்போர் சிலரே.

இம்மலையின் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்தாரைக் குறிக்கும் சொல் அன்று இது. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இங்கே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்தனர் என்னும் மரபுக் கதையை இவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இவர்கள் பேசுவது தமிழே. ஆயினும் அதற்கெனத் தனி ஓசையும் தனி வழக்குகளும் உண்டு. ஜாகிர்தார்களின் ஆதிக்கம் இம்மலையில் 1976-ஆம் ஆண்டில்தான் முடிவுற்றது. அதுவரையில் கூலியின்றி உழைத்துக் கொடுக்கும் கொடுமையைப் பல குடும்பங்கள் அனுபவித்தன. அவ்வாண்டில் இளைஞராயிருந்தவர்கள் இன்று பாட்டனும் பாட்டியுமாக இருக்கின்றனர். எனவே இன்று பள்ளியில் அமர்ந்திருக்கும் மலைப் பிள்ளைகள் பலருடைய வீட்டில், வீட்டுப் பாடத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் இலர் என்பதில் வியப்பில்லை.

இப்பிள்ளை பள்ளிக்குள் நுழைந்ததும் ஏட்டுத் தமிழைச் சந்திக்கின்றது. வீட்டில் பேசும் வழக்கு ஒன்று. புத்தகத்தில் உள்ள தமிழ் வேறொன்று. அதற்குப் பழகுமுன்னரே ஆங்கிலமும் வந்துவிடுகின்றது. ஆங்கிலச் சொல்லுக்கு ஆசிரியர் கூறும் தமிழ்ப் பொருளே பிள்ளைக்குப் புதிய சொல்லாக இருக்குமாயின், இருட்டை விளக்க இருட்டையே கொணர்ந்தாற்போல் ஆகிவிடும். பலர் அரசினர் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். வெள்ளிமலையில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஏகலைவா உறைவிடப் பள்ளியும் உண்டு. வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் பாடங்கள் கனக்கத் தொடங்கும்போது, சொற்களின் வறுமை பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கின்றது. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வாய் திறவாமல் நிற்கும் பிள்ளை, சில நாளில் அவ்வகுப்புக்கே வராமல் நின்றுவிடுகின்றது. பெற்றோரோடு வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்டது என்று பின்னர் கேள்விப்படுகின்றோம். 'படிப்பு ஏறவில்லை' என்று ஊர் சொல்லும். ஏறாதது படிப்பன்று, ஏறுவதற்கு வேண்டிய முதல் படியை நாம் வைத்துக்கொடுக்கவில்லை என்பதே உண்மை.

அந்த முதல் படி எது? பிள்ளை அறிந்த பொருளே. மலைப் பிள்ளைக்கு மரத்தின் பெயரும் தேன்கூட்டின் இடமும் விதையின் வகையும் தெரியும். நகரத்துப் பிள்ளைக்கு இவை தெரியா. ஆகவே, "உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டு வழக்கு முதலாவது, ஏட்டுத் தமிழ் இரண்டாவது, ஆங்கிலம் மூன்றாவது. தேன் 'ஹனி', தேனீ 'ஹனி பீ'. மரவள்ளி 'டாப்பியோகா'. தினைக்கு ஆங்கிலத்தில் 'ஃபாக்ஸ்டெயில் மில்லட்' என்று பெயர். 'ஃபாக்ஸ்' என்றால் நரி, 'டெயில்' என்றால் வால். தினைக்கதிரை நேரில் கண்ட பிள்ளைக்கு இப்பெயர் ஏன் வந்தது என்று விளக்கவே வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டே கற்றுவிடும். ஒரு கதிரில் மூன்று சொற்கள் கிடைத்துவிட்டன. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, உலகமே 'மில்லட்' என்ற சொல்லை உச்சரித்தது. அச்சொல்லுக்குரிய பொருள் அதற்கு முன்பே இம்மலைக் குடிசைகளில் கொதித்துக்கொண்டிருந்தது என்று அப்பிள்ளைக்குச் சொல்லுங்கள். அது நிமிர்ந்து நிற்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

இனி, வீட்டில் பெற்றோர் செய்யத்தக்க சிலவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, வீட்டில் ஏற்கெனவே உள்ள ஆங்கிலச் சொற்களைத் திரட்டுங்கள். பஸ், டிக்கெட், சைக்கிள், டயர், மோட்டார், லைட், ஃபேன், சுவிட்ச், குக்கர், கேஸ், பில், ரேஷன், டோக்கன், டாக்டர், நர்ஸ், வார்டு, போன், சார்ஜ், பேலன்ஸ், பென்சில், பேப்பர், ஸ்கூல், டீச்சர், பெல், லீவு என்று எண்ணிக்கொண்டே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இவை தெரியும். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது' என்று சொல்பவர் எவரும் முற்றும் உண்மை சொல்பவர் அல்லர்! இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினால், தனக்கு ஏற்கெனவே ஒரு கையிருப்பு உண்டு என்ற துணிவு பிள்ளைக்குப் பிறக்கும். சாவியும் சன்னலும் மேசையும் அலமாரியும் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்து தமிழாகிவிட்டவை என்பதையும், நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத் தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறி அமர்ந்திருப்பதையும் கூடவே சொல்லலாம். கொடுத்தும் வாங்கியும் வாழ்வதே மொழிகளின் இயல்பு.

எனினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் ஊரில் 'ஓட்டல்' என்றால் சாப்பாட்டுக் கடை. ஆங்கிலத்திலோ தங்கும் விடுதியையே அச்சொல் குறிக்கும். 'கரண்ட்' என்றால் நமக்கு மின்சாரம். ஆங்கிலத்தில் ஆற்றின் நீரோட்டமும் அதுவே. 'டீச்' செய்பவர் 'டீச்சர்', 'ஃபார்ம்' செய்பவர் 'ஃபார்மர்' என்று கற்ற பிள்ளை, சமைப்பவரைக் 'குக்கர்' என்று சொல்லிவிடும். சமைப்பவர் 'குக்', அடுப்பின்மேல் விசிலடிப்பதே 'குக்கர்' என்று சொல்லிச் சிரித்துவிட்டால், அதன்பின் அது மறக்கவே மறக்காது.

இரண்டாவது, செயலோடு சொல்லைக் கொடுங்கள். 'ஓப்பன்' என்று பிள்ளை சொல்லட்டும். தம்பி கதவைத் திறக்கட்டும். 'க்ளோஸ்' என்றால் மூடட்டும். 'ப்ரிங் வாட்டர்', 'கிவ் ரைஸ்' என்று இரண்டு சொற்களாகச் சேர்த்து வீட்டு வேலையிலேயே நடமாட விடுங்கள். கைபேசியைத் தட்டினால் ஆங்கிலப் பாட்டு வருகின்றது. மூன்று வயதுக் குழந்தை அதனை ஒப்பிப்பதைக் கண்டு பெற்றோர் பூரிக்கின்றனர். பனி பெய்யும் நாட்டைப் பற்றி நான்கு அடி பாடும் குழந்தைக்கு, கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டின் ஆங்கிலப் பெயர் தெரியவில்லையென்றால், அது பாடலைக் கற்றதே தவிர மொழியைக் கற்கவில்லை.

மூன்றாவது, ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1972-இல் பரப்பிய முறையை நம் வீட்டுக்கேற்பச் சுருக்கிக் கூறுகின்றோம். பெட்டியை அட்டை வைத்து மூன்று அறைகளாகத் தடுத்துவிடுங்கள். பழைய திருமண அழைப்பிதழ்களைச் சிறு அட்டைகளாக வெட்டி, ஒரு பக்கம் ஆங்கிலச் சொல்லையும், மறு பக்கம் அதன் படத்தையும் பிள்ளையையே வரையச் செய்யுங்கள். படமாக வரைய இயலாத சொல்லாயின் தமிழில் ஒரு சிறு வாக்கியம் எழுதலாம். புதிய அட்டைகள் முதல் அறையில் இருக்கும்; அவற்றை நாள்தோறும் கேட்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை இரண்டாம் அறைக்கு ஏறும். அதனை ஞாயிறுதோறும் கேட்கலாம். அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாம் அறை. அதனை மாதம் ஒருமுறை கேட்டால் போதும். எங்கே தவறினாலும் அட்டை முதல் அறைக்குத் திரும்பிவிடும். அதட்டல் வேண்டா, அடி வேண்டா, மறந்த சொல்லைப் பெட்டியே மீண்டும் நினைவூட்டும்.

இதில் தாய்க்கு ஆங்கிலம் தெரியவேண்டிய தேவை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலப் பக்கம் பிள்ளையை நோக்கியிருக்கும். படம் தாயை நோக்கியிருக்கும். பிள்ளை 'கோட்' என்று படித்து 'ஆடு' என்று சொன்னால், தாய் படத்தைப் பார்த்தே சரி என்றோ தவறு என்றோ கூறிவிடலாம். நாள்தோறும் விளக்கேற்றியபின் பத்து நிமிடம் போதும். குடும்ப செபத்துக்கு அமரும் வீட்டில் அதன்பின் இதற்கு ஒரு பத்து நிமிடம் கிடைக்காமலா போகும்?

நான்காவது, பிள்ளையை ஆசிரியராக்குங்கள். "இன்று பள்ளியில் என்ன சொல் கற்றாய்? எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்கும் தந்தை, தம்மையறியாமலே மிகச் சிறந்த பாடத்தை நடத்துகின்றார். பிறருக்குச் சொல்லிக் கொடுத்த சொல் எளிதில் மறப்பதில்லை.

ஐந்தாவது, ஒலிப்பைப் பழிக்க வேண்டா. பிள்ளை 'இஸ்கூல்' என்று சொன்னால் சிரிப்பவர்கள், அது தமிழ் இலக்கணத்துக்குப் பணிந்து பேசுகின்றது என்பதை உணர்வதில்லை. தனி மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது என்பது நம் மொழியின் பழைய விதி. அதனாலேயே நம் நா முன்னால் ஓர் இகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கின்றது. சரியான ஒலியைப் பலமுறை கேட்கச் செய்தால் அது தானே திருந்தும். ஏளனம் செய்தால் வாயே அடைத்துவிடும். திருந்திய நாவைவிட அடைபட்ட வாயே பெரிய இழப்பு.

தமிழை விரட்ட வேண்டா

இறுதியாக ஒன்று. ஆங்கிலம் வரவேண்டுமென்பதற்காக வீட்டில் தமிழ் பேசக்கூடாது என்று தடை விதிக்கும் பெற்றோர் இக்காலத்தில் பெருகி வருகின்றனர். தமக்கே சரிவர வாராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களை மட்டும் பேசுகின்றனர். விளைவு என்ன? கதை இல்லை, விடுகதை இல்லை, வயலில் நடந்ததும் சந்தையில் கண்டதும் பிள்ளையின் காதுக்கு எட்டுவதில்லை. ஆங்கிலச் சொல் அமர்வதற்கு வேண்டிய பொருள் தாய்மொழியில்தான் விளைகின்றது. பொறாமை, நன்றி, நேர்மை, ஏக்கம் ஆகியவற்றை அம்மாவின் மொழியில் உணராத பிள்ளைக்கு, அவற்றின் ஆங்கிலப் பெயர் வெற்று ஓசையே. 1968 முதல் நம் மாநிலம் தமிழையும் ஆங்கிலத்தையும் இரு மொழிகளாகக் கொண்டு வருகின்றது. 2022-இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டமும் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றையும் இளங்குழந்தைகளுக்கு ஒருங்கே வைத்தது. ஒன்றை வளர்க்க மற்றொன்றை வெட்டவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பெந்தக்கோஸ்து நாளில் கூடியிருந்த பல நாட்டவரும் தத்தம் மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டனர் என்று படிக்கின்றோம். எவரும் தம் மொழியைக் கழற்றி வைத்துவிட்டு வரும்படி கேட்கப்படவில்லை.

நம் பங்குகளில் கல்லூரிக்குச் செல்லும் இளைஞரும் இளம்பெண்களும் இன்று உள்ளனர். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஆளுக்கு ஐந்து சிறுவரோடு ஆலயத் திண்ணையில் அமர்ந்து, அவர்களுடைய அட்டைகளை வாங்கி ஒலிப்பைத் திருத்திக் கொடுப்பது அவர்களுக்குப் பெருஞ்சுமையாகாது. அடிவாரப் பங்கினர் மாதம் ஒருமுறை மலைக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளோடும் இவ்வாறு அமரலாம். போகும்போது தமிழ்க் கதைப் புத்தகங்களும் சில எடுத்துச் செல்லலாம். வரும்போது மலைப் பிள்ளைகளிடமிருந்து மரங்களின் பெயர்களைக் கற்று வரலாம்.

பெற்றோரே, இம்மாதத்துக்கு இருபது அட்டைகள் போதும். வாரத்துக்கு ஐந்து, அடுப்படியில் ஐந்து, தோட்டத்தில் ஐந்து, வழியில் ஐந்து, பள்ளியில் ஐந்து. கடையில் ஆயத்தமாக விற்கும் அட்டைகளை வாங்க வேண்டா, பிள்ளையே வரையட்டும். ஆடு மாடுபோல் இருந்தாலும் குற்றமில்லை. மாத இறுதியில் அவ்விருபதும் மூன்றாம் அறையை நோக்கி நகர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.